யூத வட்ட நடனத்தை ஆலய வளாகத்தில் ஆடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதுரையிலுள்ள தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஒரு சேகரத்தின், அதாவது சபைப் பகுதியின், கூடத்தில் யூதர்களின் வட்ட நடனங்களை எல்லாரும் சேர்ந்து கற்று ஆடும் ஒரு மாலை நிகழ்ச்சி ஏற்பாடாகியிருக்கிறது. சபையார் மட்டுமன்றி அக்கம்பக்கத்தார் எந்த மதத்தவரானாலும் வரலாம் என்று அழைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிய கடிதங்கள் ஊரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்துள்ளமையால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய தம்பதியர் எங்கள் பெண்கள் ஐக்கியத்துக்கு இந்த நடனங்களைக் கற்றுத்தர முன்வந்தார்கள். ஆயர் சம்மதித்துவிட்டார். ஆனால் சேகரக் கமிட்டியில் மூத்தவர்கள் இருவர், “கோயிலில் ஆட்டம் போடுவதற்கா நம் முன்னோர் வேதத்துக்கு வந்தார்கள்?” என்று கேட்டு எழுந்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகி, அரசரடி, மதுரை

பதில்: அந்த இரு பெரியவர்களையும் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள், சகோதரி. அவர்கள் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1834-இல் அமெரிக்க மதுரா மிஷன் இங்கே பணி தொடங்கிய காலத்திலும் அதன் பிறகும், ஆட்டம் என்றாலே அது தெய்வக் கொடையையும் கூத்தையும் சேர்ந்தது என்று கருதப்பட்டது. பறையும் கும்மியும் கூத்தும் விட்டுவிட வேண்டியவற்றின் வரிசையில் வைக்கப்பட்டன. ஆர்மோனியமும் கீர்த்தனையும் மட்டும் ஆலயத்துக்குள் இடம்பெற்றன. பாட்டன் காலத்தில் வலியோடு விட்ட ஒன்றைப் பேரன் காலத்தில் வேறொரு பெயரில் உள்ளே கொண்டுவருகிறார்களே என்ற வருத்தம் அவர்களுக்கு இருப்பது இயல்புதான். அதை முதலில் காதுகொடுத்துக் கேளுங்கள்.

அதன் பிறகு, உங்கள் அரசரடியிலேயே நடந்த இன்னொரு வரலாற்றையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள். 1969-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லாராலும் அன்போடு அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற மெட்டுகளையும் மக்களின் பேச்சுத் தமிழையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். 2005-இல் அவர் மறைந்தபோது, பறை ஆலயத்துக்கு அந்நியம் என்று எண்ணாத ஆயர்களின் ஒரு தலைமுறையே உருவாகியிருந்தது. வேதமும் அந்தப் பெரியவர்கள் பக்கம் மட்டும் நிற்கவில்லை. தம்புரோடும் நடனத்தோடும் துதிக்கச் சொல்வது 150-ஆம் சங்கீதம். கர்த்தருடைய பெட்டிக்கு முன்பாகத் தாவீது தன் முழுப் பலத்தோடும் ஆடியதைச் சொல்வது இரண்டாம் சாமுவேல்.

ஆயினும் எங்கே ஆடுவது என்பதில் அந்தப் பெரியவர்கள் சொல்வதற்கு நீங்கள் செவிசாய்க்க வேண்டும் என்றே கருதுகிறேன். பலிபீடத்துக்கு முன்னால் உள்ள பெஞ்சுகளை நகர்த்திவிட்டு ஆடுவதைவிட, வளாகத்துக் கூடத்தில் ஆடுவதே சரி. பெரியவர்களின் மனநிறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. தங்கள் நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதர்கள் பிற மதத்தவரின் வழிபாட்டு இடத்துக்குள், அதிலும் கிறிஸ்தவ ஆலயத்துக்குள், நுழைவதில்லை. அவர்களுடைய ஆடலை அவர்களே கால் வைக்க முடியாத இடத்தில் நடத்துவது முறையாகாது. கூடம் என்றால், மதுரையில் தங்கியிருக்கும் யூதப் பயணி ஒருவர் தற்செயலாகக் கேள்விப்பட்டு வந்தாலும் வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: செங்கடலைக் கடந்தபின் மிரியாம் ஆடிய நடனம் இதுதான் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: உண்மையன்று. அந்த வரியை நீக்கிவிடும்படி அமைப்பாளர்களிடம் சொல்லுங்கள். மிரியாம் தம்புரைக் கையில் எடுத்ததையும் பெண்கள் அவளைப் பின்தொடர்ந்து ஆடியதையும் யாத்திராகமம் சொல்கிறது. எந்தக் காலை எப்படி வைத்தார்கள் என்பதை எங்கும் எழுதிவைக்கவில்லை.

இன்று உலகெங்கும் யூத வட்ட நடனம் என்று கற்பிக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் உருவானவை. எல்லாருக்கும் தெரிந்த ‘ஹோரா’, ருமேனியாவிலும் பால்கன் நாடுகளிலும் கிராமத்தார் ஆடிய வட்ட ஆட்டத்திலிருந்து வந்தது. அங்கிருந்து பாலஸ்தீனத்தில் குடியேறிய யூத இளைஞர்கள் அதைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள். அதைக் கொண்டு பாருக் அகதாதி என்ற கலைஞர் 1924-இல் மேடைக்கென அமைத்த ஹோரா இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ‘மாயிம் மாயிம்’ (தண்ணீர், தண்ணீர்) 1937-இல் பிறந்தது. நாஆன் என்ற கூட்டுப் பண்ணையில் தண்ணீர் கிடைத்ததைக் கொண்டாடும் விழாவுக்காக எல்சே டூப்லோன் அமைத்த ஆட்டம் அது. பாட்டின் சொற்களோ, இரட்சிப்பின் ஊற்றுகளிலிருந்து மகிழ்ச்சியோடு தண்ணீர் மொண்டுகொள்வீர்கள் என்ற ஏசாயாவின் பழைய வாக்கு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்த குரித் கத்மன் என்ற ஆசிரியை 1944-இல் தாலியா என்ற கூட்டுப் பண்ணையில் முதல் நடன விழாவைக் கூட்டினார். ஏமனிலிருந்து வந்த யூதர்களின் நளினமான அசைவுகளை, 1949-இல் ‘இன்பால்’ நடனக் குழுவைத் தொடங்கிய சாரா லெவி-தனாய் மேடைக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ நூறு ஆண்டில் அடங்கும் இந்த வரலாற்றை மூவாயிரம் ஆண்டுக்குமுன் தள்ளிவைப்பதால் அதற்குப் பெருமை கூடிவிடாது. இதைச் செய்த மனிதர்களின் பெயர்கள்தாம் மறைந்துபோகும்.

யூதர்களிடையே ஆடல் என்பது புதிது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மோசேயின் ஐந்து ஆகமங்களாகிய தோராவின் சுருளை ஆண்டு முழுவதும் பகுதி பகுதியாக வாசித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் சிம்ஹத் தோரா நாளில், சுருள்களை மார்போடு அணைத்தபடி ஜெப ஆலயத்தை ஏழு சுற்றுச் சுற்றி ஆடுவது அவர்களின் வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் பால் ஷெம் தோவ் என்ற ஞானியைப் பின்பற்றித் தோன்றிய ஹசிதியர்கள், வாயால் சொல்ல முடியாத ஜெபத்தைக் காலால் சொல்லலாம் என்று நம்பி ஆடினார்கள், இன்றும் ஆடுகிறார்கள்.

இன்றும் ஆடுகிறார்கள் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் சபைகளில் பலருக்கு யூதர் என்றால் வேதாகமப் பாத்திரம். பெரிய வெள்ளி நாடகத்தில் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு “சிலுவையில் அறையும்” என்று கூவுகிற கூட்டம். அந்தப் பழியைச் சுமத்தியே ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அவர்களைத் துன்புறுத்தினார்கள். கிறிஸ்துவின் பாடுகளுக்கு யூத இனத்தார் அனைவரையும் பொறுப்பாக்கலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை வெளிப்படையாக அறிவித்ததே 1965-இல்தான். ஆகையால் அன்று மாலை அங்கிகளும் ஒட்டுத்தாடிகளும் வேண்டாம். அவர்கள் ஜெபத்தின்போது போர்த்தும் சால்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டாம். கொம்பு எக்காளத்தை வேடிக்கைக்காக ஊத வேண்டாம். உயிரோடு வாழ்கிற ஒரு மக்களின் ஆட்டத்தை ஆடுகிறோம் என்ற நினைப்பு ஆடுகிற ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அது யாருடையது, எப்போது எங்கே பிறந்தது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அந்த நினைப்பு தானாக வரும்.

கேள்வி: காசாவில் இவ்வளவு நடந்த பிறகு இஸ்ரேலிய நடனம் ஆடுவது சரியா? என் நண்பர்கள் போகக் கூடாது என்கிறார்கள்.
— கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: உங்கள் நண்பர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். 2023 அக்டோபர் 7, இஸ்ரேலில் மேலே சொன்ன சிம்ஹத் தோரா நாள். ஆட வேண்டிய அந்த நாளில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள், குழந்தைகள் உட்பட, மடிந்தார்கள். இந்த இரண்டில் எதையும் மறந்துவிட்டு ஆட முடியாது.

1944-இல் தாலியா விழாவின்போதும், ஐரோப்பாவில் யூதர்கள் கொன்று குவிக்கப்படும் நேரத்தில் நாம் ஆடலாமா என்ற கேள்வி எழுந்தது. ஆடுவதென்றே அவர்கள் முடிவுசெய்தார்கள். அதை முன்னுதாரணமாகக் காட்டி உங்களை நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு மக்களின் ஆட்டமும் ஒரு அரசின் செயலும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். அமைப்பாளர்கள் எந்த நாட்டுக் கொடியையும் கட்டக் கூடாது; யாருக்கும் வெற்றி கோரி ஜெபிக்கக் கூடாது. இன்னொன்றும் அவசியம். இஸ்ரேலிய நடனங்களில் தரையை ஓங்கி மிதிக்கும் அடிகள் பல, பாலஸ்தீன அரபுக் கிராமத்தார் கல்யாணங்களில் தோளோடு தோள் சேர்ந்து ஆடும் தப்கேயிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தத் தப்கேயைப் பாலஸ்தீனத்தின் மரபுக் கலையாக யுனெஸ்கோ 2023-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய ஆட்டம் வரும்போது அதையும் மேடையில் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்குவார்களானால் நீங்கள் போகாமலிருப்பதை நான் குறை கூறமாட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெண்கள் முளைப்பாரி வைத்துக் கும்மி கொட்டுவதும் வட்டத்தில்தான். அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கற்பது கடினமா?
— வாசகி, உசிலம்பட்டி

பதில்: முக்கியமான வேறுபாடு கையில் இருக்கிறது. கும்மியில் கை தாளம் போடுகிறது; அதனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக நின்று, குனிந்து நிமிர்ந்து, கொட்டியபடி நகர்கிறார்கள். யூத வட்ட நடனத்தில் பெரும்பாலும் கைகள் பக்கத்திலிருப்பவரின் கைகளோடு கோத்திருக்கும்; தாளம் முழுவதும் காலுக்குப் போய்விடுகிறது. கோத்த கை என்பதால் ஒருவர் தடுமாறினால் வட்டமே இழுபடும், ஒருவர் சரியாக ஆடினால் பக்கத்தவர் பார்க்காமலே கற்றுக்கொள்வார்.

கைகோத்து ஆடுவது நமக்கும் அந்நியமன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், பால் உறையாமல் போன அன்று, தீநிமித்தம் கண்டு அஞ்சிய ஆய்ச்சி மாதரி ஏழு பெண்களை ஏழு சுரங்களின் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகிறாள்; அவர்கள் கற்கடகம் என்ற நண்டுப் பிடியில் கைகோத்துக் குரவை ஆடுகிறார்கள். அது நம் மதுரையின் புறஞ்சேரியில் நடந்ததாகச் சொல்லப்படும் ஆட்டம். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று யாரும் கதை கட்டிவிட வேண்டாம். கூடி நின்று கைகோத்தவர்களுக்கு வட்டம் தானாகவே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கற்பது கடினமில்லை. ‘மாயிம்’ ஆட்டத்தின் முதல் பகுதியை வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம். வட்டத்தின் நடுவைப் பார்த்து நில்லுங்கள். வலக்காலை இடக்காலுக்கு முன்னால் குறுக்கே வையுங்கள். இடக்காலைப் பக்கவாட்டில் எடுத்து வையுங்கள். வலக்காலை இம்முறை பின்னால் குறுக்கே வையுங்கள். இடக்காலைச் சிறு துள்ளலோடு மறுபடி பக்கவாட்டில் வையுங்கள். இந்த நாலடி நான்கு முறை வரும். வட்டம் நம் கோயில்களில் வலம் வரும் திசையிலேயே சுழலும். பிறகு பாட்டில் ‘மாயிம்’ என்ற சொல் வரும்போது எல்லாரும் நாலடி நடுவை நோக்கி ஓடுவார்கள். தாழ்ந்திருந்த கோத்த கைகள் ஊற்று கிளம்புவதுபோல மேலே எழும்பும். நாலடி பின்வாங்கும்போது கைகள் இறங்கும். கடைசிப் பகுதியில் ஒற்றைக்காலில் துள்ளியபடி மற்றக் காலின் நுனியால் முன்னும் பக்கமும் தட்ட வேண்டும். கால் மாறும்போது கைகொட்டல் சேரும். அங்கே கும்மி பழகிய உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிராது.

ஹோராவில்தான் முதலில் எல்லாரும் தடுமாறுவார்கள். அதன் அடிகள் ஆறு. பாட்டின் தாளமோ நான்கின் மடங்கில் ஓடுகிறது. அதனால் பாட்டின் அடி முடியும் இடத்தில் காலின் சுற்று முடியாது. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய், சில சுற்றுகளுக்கு ஒருமுறைதான் சந்திக்கும். பாட்டை எண்ணாமல் காலை மட்டும் எண்ணினால் பிடிபட்டுவிடும். சேலையில் வருபவர்கள் கொசுவத்தைச் சற்று உயர்த்திச் செருகிக்கொள்வது நல்லது. குறுக்கே வைக்கும் அடியில் கரை காலில் மாட்டும்.

கேள்வி: ஆணும் பெண்ணும் கைகோக்க வேண்டும் என்றால் எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். வழி உண்டா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக உண்டு, யூதர்களிடமே உண்டு. கூட்டுப் பண்ணைகளில் ஆணும் பெண்ணும் கலந்தே ஆடினார்கள். வைதிக யூதர்களின் திருமணங்களிலோ ஆண்கள் வட்டம் வேறு, பெண்கள் வட்டம் வேறு. நடுவில் தடுப்பும் இருக்கும். ஹசிதியத் திருமணங்களில் மணமகளுக்கு முன்னால் பெரியவர்கள் ஆடும்போது, நீண்ட இடைக்கச்சை ஒன்றின் ஒரு முனையை மணமகளும் மறுமுனையை ஆடுபவரும் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் அமைப்பாளர்களும் இரண்டு வட்டமாகப் பிரிக்கலாம். அல்லது நம் ஒயிலாட்டக்காரர்கள் கையில் வைத்திருப்பது போன்ற கைக்குட்டைகளை ஆளுக்கொன்று கொடுத்து, கைக்குப் பதில் துணியைப் பிடிக்கச் சொல்லலாம்.

கேள்வி: பெண்கள் ஐக்கியத்தில் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை எடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். பொருத்தமா?
— வாசகி, மதுரை

பதில்: எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எருசலேமின் கன்னிப்பெண்கள் ஆண்டில் இரண்டு நாள் வெள்ளுடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடப்போனதை மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அந்த உடை சொந்த உடையாக இருக்கக் கூடாது. ஒவ்வொருத்தியும் மற்றொருத்தியிடம் இரவல் வாங்கி உடுத்த வேண்டும். இல்லாதவள் வெட்கப்படாமலிருக்கவே இந்த விதி. சேலைக்குப் பணம் கட்ட முடியாததால் வராமலிருந்துவிடுபவர் உங்கள் ஐக்கியத்திலும் இருக்கக்கூடும். வீட்டிலுள்ள பருத்திச் சேலைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: எந்த நாளில் வைப்பது நல்லது? சனிக்கிழமை மாலை என்று பேச்சு.
— வாசகர், மதுரை

பதில்: வெள்ளி சூரிய அத்தமனத்திலிருந்து சனி இரவு வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை யூதர்களின் ஓய்வுநாள், அப்போது இசைக்கருவி வாசிப்பது அவர்களுக்குத் தடை. சனிக்கிழமையே என்றால் நன்றாக இருட்டிய பின் தொடங்குங்கள். ஞாயிறு மாலை இன்னும் நல்லது. லெந்து எனும் தவக்கால நாட்களில் உங்கள் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள். பஸ்காவுக்குப் பிந்தைய ஏழு வாரங்களில், நமக்குச் சித்திரைத் திருவிழா நடக்கும் காலத்தை ஒட்டி, யூதர்கள் துக்கம் காத்து ஆடலைத் தவிர்ப்பார்கள். முப்பத்துமூன்றாம் நாள் மட்டும் விலக்கு. சிம்ஹத் தோரா வரும் புரட்டாசி, ஐப்பசியில் அவர்களே ஆடுகிறார்கள், அதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: நம் பக்கத்தில் யூதர்கள் இருந்ததுண்டா? அவர்கள் ஆடினார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி

பதில்: மலைக்கு அந்தப் பக்கம், உங்களுக்கு மிக அருகிலேயே இருந்தார்கள், ஐயா. கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிய செப்பேடு, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. சென்னையிலும் பவள வாணிகம் செய்த யூதர்கள் பதினேழாம் நூற்றாண்டில் குடியிருந்தார்கள். பவளக்காரத் தெரு அந்த வாணிகத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகள்தாம் உங்கள் கேள்விக்கு உண்மையான விடை. தாய் மகளுக்கென்று கையெழுத்து நோட்டுகளில் எழுதிக் காத்த அந்தப் பாட்டுகளை அவர்கள் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் கூடிப் பாடினார்கள். பிற வைதிக யூதச் சமூகங்களில் பெண் பாடுவதை ஆண்கள் கேட்பதே தகாது என்றிருக்க, கொச்சியில் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள். சிம்ஹத் தோரா நாளில் சுருள்களை ஜெப ஆலயத்துக்கு வெளியே எடுத்து வந்து முற்றத்தில் சுற்றும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மதுரையில் நடக்கும் மாலைக்கு ருமேனிய வழி ஹோராவை எடுத்துக்கொள்கிறவர்கள், அண்டையில் வாழ்ந்த இந்தப் பெண்களின் பாட்டு ஒன்றையாவது பதிவிலிருந்து ஒலிக்கச் செய்வார்களானால் நான் மிகவும் மகிழ்வேன்.

கேள்வி: எழுபது வயது ஆகிறது, மூட்டுவலி உண்டு. பேத்தி கூப்பிடுகிறாள். போய் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதுமா?
— வாசகர், சோழவந்தான்

பதில்: ஆடவே போங்கள், ஐயா. எருசலேம் தேவாலயம் இருந்த நாளில், கூடாரப் பண்டிகையின்போது தண்ணீர் மொள்ளும் விழாவின் இரவுகளில் கையில் தீவட்டி ஏந்தி ஆடியவர்கள் மூத்த அறிஞர்களும் பக்திமான்களுமே. பொதுமக்கள் பார்க்கவும் கேட்கவும் வந்தார்கள் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதீஸ் எழுதியிருக்கிறார். துள்ளும் இடங்களில் துள்ளாமல் பாதத்தைத் தரையில் ஊன்றி உடலை மட்டும் அசைத்தால் ஆட்டம் கெடாது. குறுக்கே கால் வைக்கும் அடி மூட்டைத் திருகும். அதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நடந்தே வாருங்கள். பேத்தியை ஒரு பக்கமும், அடி தெரிந்த ஒருவரை மறுபக்கமும் நிறுத்திக்கொள்ளுங்கள். வேகமான ஆட்டத்தைப் பிற்பகுதியில்தான் வைப்பார்கள். அதற்கு முன் வெளியே வந்து நாற்காலியில் அமர்ந்துகொள்ளலாம். கூடத்துத் தரை வழவழப்பாக இருந்தால் காலுறையோடு ஆடாமல் வெறுங்காலோடு ஆடுங்கள்.